தரை டிக்கெட்டும் கொட்டகை டிக்கெட்டும்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

பீத்தோவனுக்குக் காது மந்தமானதைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களை அடுக்கினால் ஒரு வீட்டுக்கு மதில் எழுப்பிவிடலாம். அதே பீத்தோவனைக் கேட்கப் போகிறவர் புல்லில் போர்வை விரிப்பதா, கூரையடியில் நாற்காலி பிடிப்பதா என்ற கேள்வியை மட்டும் அறிவுலகம் சீந்தவில்லை. கோடை வந்தால் டிக்கெட் எடுக்கும் வேளையில் குடும்பத்துக்குக் குடும்பம் வாய்த்தகராறாக வெடிக்கிற சிக்கல் இது. இதை இப்படி அநாதையாக விட்டது முறையன்று. அக்குறை போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக் களம் டாங்கிள்வுட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெர்க்‌ஷயர் குன்றுகளுக்கு நடுவே, லெனாக்ஸ் ஊரை ஒட்டியிருக்கிறது. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு கோடையில் குடிபெயரும் இடம். வேறு களங்களும் பரிசீலனைக்கு வந்தன. சிகாகோ பக்கத்து ரவினியாவின் புல்வெளி பேர்போனது. ஆனால் அதை ஒட்டியே ரயில் பாதை ஓடுகிறது. ஒலித்தது டிரம்பெட்டா ரயிலா என்று பிரித்தறியும் வேலையும் ஆய்வாளர் தலையில் விழும். 1922 முதல் கச்சேரி நடக்கும் லாஸ் ஏஞ்சலஸ் ஹாலிவுட் பவுலில் 17,000 பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே கேட்பவர் எவர் தலைக்கும் கூரை கிடையாது. சண்டை இல்லாத ஊரில் ஆய்வாளருக்கு என்ன வேலை?

டாங்கிள்வுட்டில் பிரிவினை துலக்கமானது. நடுவில் விசிறி வடிவத்தில் ஒரு மாபெரும் கொட்டகை. மேலே கூரை உண்டு, பக்கவாட்டில் சுவர் இல்லை; உள்ளே ஏறக்குறைய 5,100 இருக்கைகள். வெளியே புல்வெளி, அதில் இன்னும் பல்லாயிரம் பேர் கொள்ளும். உள்ளே அமர்வோரைக் ‘கூரையார்’ என்றும், வெளியே சாய்ந்தும் கிடந்தும் கேட்போரைப் ‘புல்வெளியார்’ என்றும் இக்கட்டுரை வழங்கும்.

முதலில் கூரை வந்த கதை.

பாஸ்டன் குழு இந்தப் பக்கம் முதன்முதலாக வாசித்தது 1936 ஆகஸ்டில், ஒரு கூடாரத்தில். அதையடுத்து டாப்பன் குடும்பத்தார் 210 ஏக்கர் தோட்டத்தையே கொடையாக எழுதிக்கொடுத்தார்கள். நாவலாசிரியர் நதானியேல் ஹாத்தோர்ன் ஒரு காலத்தில் குடியிருந்த சிறு வீடு அந்தத் தோட்டத்தில்தான் இருந்தது. நிலம் வந்தது, கூரை வரவில்லை. அங்கும் கூடாரமே. 1937 ஆகஸ்ட் 12 அன்று நிகழ்ச்சி முழுக்க வாக்னர். இடியும் மழையும் சேர்ந்துகொண்டன. ‘ரியென்ஸி’ முன்னிசை பாதியில் நின்றது. முதற்பாதி முடிவதற்குள் கச்சேரி மூன்று தடவை தடைப்பட்டது. ‘சீக்ஃப்ரீட்’ இசைநாடகத்தில் காட்டின் சலசலப்பை வயலின்களால் காட்டும் மென்மையான பகுதி ஒன்று உண்டு. கொட்டுகிற மழையில் அது காதில் விழாது என்று நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நிஜக் காடு சத்தம் போட்டதால் இசைக் காடு வாய் மூடிக்கொண்டது. இயற்கையின் மடியில் இசை கேட்பதன் மாண்பைப் பேசும் புல்வெளியார் இந்தச் சான்றை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது.

அன்று இடைவேளையில் கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் மேடையேறினார். இந்தக் கோடை இசை விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். நிரந்தரக் கட்டடத்துக்குப் பணம் தாருங்கள் என்று கேட்டார். சொட்டச் சொட்ட நனைந்த கூட்டத்திடம் கூரைக்கு நன்கொடை கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான முகூர்த்தம் அமையாது.

பணம் சேர்ந்தது. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் எலியல் சாரினென் வரைபடம் கொடுத்தார். ஒதுக்கியிருந்த 1,00,000 டாலரை அது தாண்டிப்போனது. குறைத்து வரைந்தார், அப்போதும் தாண்டியது. இந்தப் பணத்துக்கு உங்களுக்கு வெறும் கொட்டகைதான் கிடைக்கும், அதைப் போட என் போன்றவர் வேண்டியதில்லை என்ற பொருள்பட எழுதிவிட்டார். நிர்வாகிகள் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை, யோசனையாக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஸ்டாக்பிரிட்ஜ் ஊர்ப் பொறியாளர் ஜோசப் ஃபிரான்ஸ் வரைபடத்தை மேலும் எளிமையாக்கிக் கட்டி முடித்தார். 1938 ஆகஸ்ட் 4 அன்று திறப்பு விழா. கொட்டகை என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐம்பதாம் ஆண்டில், 1988இல், குழுவின் பழைய நடத்துநர் செர்கே கூசெவிட்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்தபோதும் பின்னால் இருந்த ‘கொட்டகை’ போகவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து பெறப்படும் முதல் துணிபு: கூரை மழைக்காக வந்தது, நாதத்துக்காக அன்று. நாதம் பிறகுதான் கவனிக்கப்பட்டது. 1959இல் லியோ பெரானெக்கின் ஒலியியல் நிறுவனம் மேடைக்கு மேலே முக்கோணப் பலகைகளை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டது. மேடையில் எழும் ஒலியில் ஒரு பங்கு பலகையில் பட்டுச் சபைக்குத் திரும்பும். மறுபங்கு இடைவெளி வழியே மேலேறிக் கூரையில் உலவிவிட்டு வரும். தெளிவும் உண்டு, நிறைவும் உண்டு. கொட்டகையின் பெயர் உயர்ந்தது. அந்தக் கையோடு 1962இல் நியூயார்க் லிங்கன் மையத்து ஃபில்ஹார்மோனிக் அரங்கிலும் பலகைகள் தொங்கின. அங்கே கிடைத்தது ஏச்சு. 1976இல் அந்த அரங்கின் உட்புறத்தைப் பிய்த்தெறிந்து புதிதாகவே கட்டினார்கள். கொட்டகையில் பலித்தது மாளிகையில் பலிக்கவில்லை. கூரையார் இதை அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. அவர்களிடம் வேறு நகைச்சுவை குறைவு.

இனி இயற்பியல். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் இறங்கும். மேடையிலிருந்து 10 மீட்டரில் இருப்பவரை 80 மீட்டருக்குத் தள்ளிவிட்டால் மூன்று இரட்டிப்பு, 18 டெசிபெல் நட்டம். கூரையடியில் எதிரொலிப்பு இந்த நட்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும். புல்லில் ஈடுகட்ட வானத்துக்கு மனமில்லை. ஆகவே ஒலிபெருக்கி. புல்வெளியார் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். இதை அவர்களிடம் நேரில் சொன்னால் கோபம் வரும். ஏனென்றால் அவர்கள் காது அப்படிச் சொல்வதில்லை.

காரணம் உண்டு. ஒலி 100 மீட்டர் நடக்க ஏறக்குறைய 0.3 விநாடி எடுக்கும். கம்பிவழி வரும் மின்குறிக்கோ நேரமே ஆகாது. அப்படியே விட்டால் பக்கத்து ஒலிபெருக்கி முதலில் பேசும், மேடை பிறகு பேசும், எல்லா ஸ்வரமும் இரண்டாகக் கேட்கும். எனவே ஒலிபெருக்கியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். மேடையின் ஒலி வந்து சேர்ந்து சில மில்லி விநாடிகள் கழித்து அது பேசினால் போதும். முதலில் வந்த பக்கமிருந்தே எல்லாம் வருவதாகக் காது முடிவுகட்டிவிடும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்கும் விளைவு இது. புல்வெளியார் மேடையைக் கேட்பதாக நம்பி ஒலிபெருக்கியைக் கேட்கிறார். மகிழ்ச்சி என்னவோ கலப்படமற்றது.

பருவநிலையும் கட்சி சேரும். வெயிலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கும். ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்தால் மேல்காற்று வெதுவெதுப்பாக நிற்கும். ஒலி தரைப்பக்கம் வளையும். டாங்கிள்வுட்டில் வெள்ளி, சனி இரவுகளில் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கச்சேரி. பக்கத்திலேயே ஒலிபெருக்கி இருந்தால் இந்த வளைவு பெரிய பொருட்டில்லை. அதைவிட்டு ஒதுங்கி உட்காரும் வழக்கமுள்ளவர் ஞாயிறைக் கூரையாருக்கே விட்டுவிடலாம்.

புல்வெளியாரின் வாழ்க்கைமுறை தனி ஆய்வுக்குரியது. கச்சேரிக்குச் சில மணி நேரம் முன்பே வாசல் திறந்துவிடும். மரநிழலை நோக்கிய நடை, ஓட்டத்துக்கு ஒரு பிடி குறைவானது. போர்வை, கால் குட்டையான மடக்கு நாற்காலி, பனிக்கட்டிப் பெட்டி, கூடை. கூடைக்குள் ரொட்டி, சீஸ், திராட்சை, ஒயின், கொசு மருந்து. சிலர் மடக்கு மேஜைக்குத் துணி விரித்துக் கிளைவிளக்கு வைத்து மெழுகுவத்தியும் ஏற்றுவார்கள். இசைக்குழு சுருதி சேர்க்கும்போது இங்கே மூடி திருகிகள் வேலை செய்துகொண்டிருக்கும். பிள்ளைகளுக்குப் புல்வெளி டிக்கெட் இலவசம். ஆகவே எந்தக் கச்சேரியிலும் சபையில் ஒரு பகுதி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கும். கூரையார் இதைக் கண்டு உதடு பிதுக்குவார்கள். கூட்டங்கூட்டமாக நான்கு வயதில் மாஹ்லர் கேட்டுவிட்டு உறங்கிப்போகும் குடிமக்களை உருவாக்குவது எந்தத் தரப்பு என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்து இடம் தேர்வதே அறிவுடைமை. பாஸ்டன் குழு இங்கே பருவத்தை பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியோடு முடிப்பது வழக்கம். அதன் தொடக்கம் மிக மெல்லியது. வெறும் மூச்சுபோல் சில தந்திகள். புல்வெளியில் பலருக்கு அது தொடங்கியதே தெரியாது. பக்கத்துப் போர்வை பேச்சை நிறுத்தியதைப் பார்த்துத்தான் தெரியும். கடைசிப் பகுதியில் சேர்ந்திசை எழும்போது எவருக்கும் குறை இராது. இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸ் 1908இல் மனைவியோடு ஸ்டாக்பிரிட்ஜ் பக்கத்து ஆற்றங்கரையில் நடந்ததை நினைத்து எழுதிய ‘ஸ்டாக்பிரிட்ஜில் ஹூசடானிக்’ இன்னும் இக்கட்டானது. ஆற்று மூடுபனிக்காகத் தந்திகள் அடக்கி வாசிக்கின்றன. திடீரென்று பெருக்கெடுத்து, சட்டென்று அறுந்து, மறுபடி மெல்லிய ஓசையில் முடிகிறது. புல்லில் கிடப்பவருக்கு நடுவில் உள்ள பெருக்கு மட்டும் கையில் கிடைக்கும். ஹூசடானிக் ஆறு சில மைல் தூரத்தில்தான் ஓடுகிறது. ஆயினும் அதைக் கேட்கக் கூரை வேண்டியிருக்கிறது.

சாய்கோவ்ஸ்கியின் ‘1812’ முன்னிசையில் பீரங்கி முழங்கும் நாளிலோ நிலைமை தலைகீழ். அன்று தூரமே சுகம்.

கண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1986 ஜூலையில், 14 வயது வயலின் கலைஞர் மிடோரி கொட்டகை மேடையில் லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் ‘செரினேட்’ வாசித்தாள், நடத்தியது பெர்ன்ஸ்டைனே. கடைசிப் பகுதியில் ஈ தந்தி அறுந்தது. முதல் வயலின்காரரின் வாத்தியத்தை வாங்கித் தொடர்ந்தாள். அதிலும் ஈ தந்தி அறுந்தது. அடுத்தவரின் வயலினை வாங்கி முடித்தாள். செய்தி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்துக்குப் போனது. புல்லின் கடைக்கோடியில் மல்லாந்து கிடந்தவருக்கு அது சுருதி பிசகாத ஒரு நல்ல கச்சேரி, அவ்வளவே. நான்கு ஆண்டு கழித்து, 1990 ஆகஸ்ட் 19 அன்று, அதே மேடையில் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனியை நடத்திய பெர்ன்ஸ்டைன் மூன்றாம் பகுதியில் இருமல் தாங்காமல் தடுமாறினார். குழு தானாகவே வாசித்துக்கொண்டு போனது. அவருடைய கடைசிக் கச்சேரி அது. அக்டோபரில் இறந்துபோனார். முன்வரிசைக்காரர்கள் பார்த்தது வேறு, புல்வெளியார் கேட்டது வேறு.

இரு தரப்பும் பேசாத மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. கொட்டகைக்குச் சுவர் இல்லையல்லவா? கூரை முடிகிற ஓரத்தில், கடைசி இருக்கை வரிசைக்குப் பின்னால் புல் தொடங்குகிறது. அங்கே இடம் பிடித்தவர் தரை டிக்கெட்டுக் காசில் கூரையாரின் ஒலியில் கணிசமான பங்கை அனுபவிக்கிறார், கால்நீட்டலும் பறிபோவதில்லை. விளிம்புநிலை ஆய்வுகள் தமிழில் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. அவற்றின் இசைக் கிளைக்கு இவர்களே முதல் பொருள். ஒரே ஆபத்து மழை. கச்சேரி மழைக்காக நிற்காது, டிக்கெட் பணமும் திரும்பாது. சாரல் அடித்தால் விளிம்பார் தாம் எந்தக் கட்சி என்பதை விநாடிகளில் முடிவுசெய்ய வேண்டும். அப்போது அவர்கள் எல்லாரும் கூரையாரே என்பது நேர்நோக்கில் தெளிந்த உண்மை.

1994இல் அதே வளாகத்தில் வில்லியம் ரான் கட்டிய செய்ஜி ஒசாவா அரங்கில் இந்த விளிம்பு திட்டத்திலேயே இடம்பெற்றது. உள்ளே ஏறத்தாழ 1,200 பேர். பின்புறம் ஒரு பெருங்கதவு. திறந்தால் வெளியே சரிவான புல்வெளி. அங்கே பெரும்பாலும் நால்வர் குழுக்களும் தனிப் பியானோவும். தந்தி நால்வர் இறங்கி வாசிக்கும் இடங்களில் புல்லில் ஒருவர் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடித்தால் அது ஐந்தாம் வாத்தியம். பெர்க்‌ஷயர் கூடைகளில் சீஸ் இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்கு அதன் சுவை காரணமன்று, அதை ஓசையின்றி மெல்ல முடிவதே காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். திராட்சை இதற்கு ஒத்துப்போகிறது. மொறுமொறுப்பான ரொட்டி ஒத்துப்போகவில்லை, அது மேலாய்வுக்குரியது.