நம்பர் மாமா

திருப்பூரில் யாருக்கு என்ன ஆள் பஞ்சம் என்று தெரிந்துகொள்ள மின்கம்பத்தைப் படித்தால் போதும். ‘பவர்டேபிள் டெய்லர் தேவை, ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், தங்கும் வசதி உண்டு.’ அடியில் தவறாமல் இரண்டு செல் நம்பர். ஊரே இப்படித் தன் நம்பருக்குப் பசை தடவி ஒட்டிவைத்திருக்கும்போது, நம்பர் மாமா தோன்றாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பேக்கரிக்கு ஒரு மாமா உண்டு. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் வாங்கி விற்பவராகவோ நூல் புரோக்கராகவோ இருப்பார். இப்போது என்ன தொழில் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். நம்பரைப் பற்றிக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

“ஏனுங் மாமா, இந்த நம்பர் ஆருதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

“கொடு கண்ணு.”

டீ ஆறிக்கொண்டிருக்கும். முதலில் ட்ரூகாலர். அது 2009இல் ஸ்வீடனில் பிறந்த சரக்கு என்பதெல்லாம் மாமாவுக்கு வேண்டாத கதை. அதில் வருவது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல, ஊர் வைத்த பெயர் என்பதுதான் அவருக்கு வேண்டியது. ‘பேட்லாக் சங்கர்’ என்று வரும். ‘வாடகை பாக்கி வேலம்பாளையம்’ என்று வரும். ஒருமுறை ‘எடுக்காதே 2’ என்று வந்தது. “அப்ப எடுக்காதே ஒண்ணு ஆருன்னு பாக்கோணுமே” என்று அன்று முழுக்க அதிலேயே அலைந்தார்.

அடுத்தது ஜிபே. நம்பரைப் போட்டு ஒரு ரூபாய் அனுப்பப் போவார். பேங்க்கில் உள்ள பெயர் திரையில் வந்ததும் நிறுத்திவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு ரூபாய்கூட யாருக்கும் போனதில்லை. பணம் ஆள் மாறிப் போகக்கூடாது என்பதற்காக, பேங்க் கணக்கில் இருக்கும் பெயரை மட்டுமே காட்ட வேண்டும் என்று 2025இல் யூபிஐ செயலிகளுக்கு உத்தரவு வந்தது. தனக்காகவே போட்ட உத்தரவு என்று மாமா இன்றுவரை நம்புகிறார்.

மூன்றாவது, வாட்ஸ்அப் டிபி. இங்கே விஞ்ஞானம் முடிந்து ஞானம் ஆரம்பிக்கிறது. “சென்னிமலை முருகன் படம் வச்சிருக்கான். ஈரோட்டுப் பக்கத்து ஆளு. பக்கத்துல நிக்கறது புது வண்டி. கடன்ல வாங்கினது.” கையில் ஒரு பில் சிக்கிவிட்டால் இன்னும் குஷி. ஜிஎஸ்டி நம்பரில் முதலில் வரும் 33 தமிழ்நாடு, அடுத்த பத்து எழுத்து பான் நம்பர். அரசாங்கத் தளத்தில் அதைத் தட்டினால் உரிமையாளர் பெயரும் கடை விலாசமும் வந்து விழும்.

ஆனாலும் இந்த ஊர் மாமாவைப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. தேனியிலிருந்து வந்த பையனுடைய சிம் பெரியப்பா பேரில் இருக்கும். ஜிபேயில் மனைவி பேர் வரும். ட்ரூகாலரிலோ, பீஸை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிய ஒரு காண்ட்ராக்டரின் பேர். நம்பரைக் கைவிட்டு 90 நாள் போனால் கம்பெனி அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். கடன்காரர்களுக்கு மட்டும் அந்த விவரம் போய்ச் சேராது. ஆக மூன்று பேர். மாமா மூன்றையும் ஒதுக்கிவிட்டு நாலாவதாக ஒருவரைச் சொல்வார். கேட்டவரும் நம்பிக்கொண்டு அந்த நாலாமவரோடு சண்டைக்குப் போவார்.

சட்டம் இல்லையா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது; அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் தனிநபர் ஒருவர் சொந்தக் காரியத்துக்காகத் தரவைக் கையாண்டால் அந்தச் சட்டம் சேராது. உரியவரே ஊரறிய வெளியிட்ட தரவுக்கும் சேராது. முதலாவது மாமாவுக்கு, இரண்டாவது மின்கம்பத்துக்கு. திருப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்னவோ.

எல்லாமே சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரமும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் நம்பர்கள், ஆள் பார்க்க எப்படி என்பதற்கேற்ற விலையில் விற்கப்பட்டதாக 2017இல் செய்தி வந்தது. இங்கேயும் ஹாஸ்டல் பிள்ளைகள் ரீசார்ஜுக்கு நிற்கிற கடைகள் எத்தனையோ. மாமாவிடம் சொன்னேன். “நம்முளுது சேவைங்க” என்றார்.

போன வாரம் ஒரு பையன் சேவை கேட்டு வந்தான். எதிரே இருக்கும் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண்ணின் நம்பராம், எங்கேயோ பிடித்திருக்கிறான். மாமா உற்சாகமாகத் தட்டினார். அந்தப் பெண் ட்ரூகாலரில் தன் பெயரைத் தானே மாற்றி வைத்திருந்தாள் போலிருக்கிறது. திரையில் ‘லோன் ரெக்கவரி’ என்று வந்தது.

மாமா போனைக் கவிழ்த்து வைத்தார். “இதையெல்லாம் நோண்டாதே மாப்ளே” என்று பையனை விரட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த நம்பரைத் தன் போனிலும் பிளாக் செய்தார்.