விளக்கைத் தூக்க ஒரு விளக்குமாறு

1950, 60களின் புகழ்பெற்ற விளக்குகள் இன்று அருங்காட்சியகங்களில் கர்ப்பகிரகத்து மூர்த்திகள் மாதிரி வீற்றிருக்கின்றன. ஞானிகள் யாரோ தவமிருந்து படைத்தவை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். பாதிக்கு மேல் எரிச்சலில் பிறந்தவை.

டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சனுக்கு மொட்டை பல்பைக் கண்டால் ஆகாது, கண் கூசும். வாழ்நாளெல்லாம் அதை மறைப்பதே வேலை. 1958இல் கோபன்ஹேகன் உணவகம் ஒன்றுக்காக அவர் செய்த ‘ஆர்டிசோக்’ விளக்கில் 72 செப்பு இலைகள். எந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாலும் பல்பு தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியும் என்று நிரூபித்த ஒரே மனிதர் அவர்தான்.

அமெரிக்காவில் ஜார்ஜ் நெல்சனுக்கு வந்தது விலை எரிச்சல். பட்டுத்துணி போர்த்திய ஸ்வீடன் தொங்குவிளக்கு ஒன்றின் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. நியூயார்க் கடையில், கட்டைவிரல் அழுக்குப் படிந்த உருப்படிக்கே 125 டாலர் சொன்னார்கள். மனுஷர் பொருமிக்கொண்டே படியிறங்கினார். இறங்கும்போது பத்திரிகையில் பார்த்த படமொன்று நினைவுக்கு வந்தது: போர் முடிந்து வேலையற்றுப்போன சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் வலையை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக்கைப் பீய்ச்சி மூடிவைக்கிறார்கள். நேரே அலுவலகம் போனார், கம்பியை உருண்டையாக வளைத்தார், அந்தப் பிளாஸ்டிக் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். மறுநாள் இரவு விளக்கு தயார். அதுதான் ‘பபிள் லாம்ப்’. கடைக்காரர் கொஞ்சம் விலையைக் குறைத்திருந்தால் வடிவமைப்பு வரலாற்றில் ஓர் அத்தியாயமே போயிருக்கும். ஆசைப்பட்ட பொருளைப் பேரம் பேசாமல் வாங்குகிறவர்கள் இதையெல்லாம் எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஆனால் எரிச்சலில் முதல் பரிசு மிலான் நகரத்து காஸ்டிக்லியோனி சகோதரர்களுக்குத்தான். சாப்பாட்டு மேசைக்கு நேர்மேலே வெளிச்சம் வேண்டும், அதற்காகக் கூரையில் துளை போடக் கூடாது என்பது அவர்கள் கட்சி. தெருவிளக்கைப் பார்த்தார்கள், கம்பம் ஓரிடத்தில், வெளிச்சம் வேறிடத்தில். 1962இல் அதையே வீட்டுக்குள் கொண்டுவந்து ‘ஆர்க்கோ’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு மூலையில் கல், அதிலிருந்து வில்லாக வளைந்து இரண்டு மீட்டருக்கும் மேல் நீளும் எஃகுக் கை, நுனியில் பல்பு. பின்னால் ஆள் தட்டேந்திப் போய்ப் பரிமாற இடம் தாராளம். அவ்வளவு தூரம் நீட்டிய கை குடை சாயாமலிருக்கக் கல் எவ்வளவு கனக்க வேண்டும்? சுமார் 65 கிலோ! அதுவும் கராரா பளிங்கு. அதே கராராவின் பளிங்கில் மைக்கலாஞ்சலோ தாவீதைச் செதுக்கினார். இவர்கள் எடைக்கல் செய்தார்கள்.

மேசையை நகர்த்தினால் விளக்கையும் நகர்த்த வேண்டுமே? அதற்கும் வழி உண்டு. கல்லில் ஒரு துளை. விருந்தினர்கள் அதைக் கலைநயம் என்று மெச்சுவார்கள். உண்மையில் அது விளக்குமாற்றுக் கட்டையை நுழைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்குவதற்கு. கூரையில் போட மறுத்த துளையைக் கடைசியில் கல்லில் போட்டார்கள்.

ஆர்க்கோ இன்றும் விற்பனையில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் கையோடு ஒரு விளக்குமாறும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர்த் தென்னங்குச்சி உதவாது. கட்டை வைத்ததாகப் பாருங்கள்.