கோள் சொல்லலாமா?

கே: ‘நவக்கிரகம் ஒன்பது, கோள்களும் ஒன்பது’ என்று படித்து வளர்ந்தவன் நான். பேரன் ‘எட்டுதான் தாத்தா’ என்று திருத்துகிறான். யார் சொல்வது சரி? (கும்பகோணம்)

ப: இருவருமே பாஸ். நீங்கள் பரீட்சை எழுதியபோது ஒன்பது. புளூட்டோவை நீக்கியதால் 2006 ஆகஸ்ட் 24 முதல் எட்டு. ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு ஒன்பதும் ஒரே ஒன்பது அல்ல. கோயில் ஒன்பதில் சூரியன், சந்திரன், ராகு, கேது உண்டு; பூமி கிடையாது. பள்ளிக்கூட ஒன்பதில் பூமி உண்டு. அந்த நால்வரும் கிடையாது. 1830 வாக்கில் ஐரோப்பாவில் ஒரு பையனைக் கேட்டிருந்தால் பதினொன்று என்று ஒப்பித்திருப்பான். பேரனிடம் சொல்லி வையுங்கள்: அவனையும் திருத்த ஒரு பேரன் வருவான்.

கே: பதவி பறிபோன முதல் கோள் புளூட்டோதானா? (திருச்சி)

ப: இல்லை. இந்த ‘முன்னாள்’ பட்டத்தில் சீனியர் சீரிஸ். 1801 ஜனவரி 1, ஊரே புத்தாண்டு கொண்டாடிய இரவில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் பியாஸி என்ற பாதிரியார் தொலைநோக்கியும் கையுமாக இருந்து அதைப் பிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஒரு கோள்! அடுத்த ஆண்டு பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா. நான்கும் பாடப்புத்தகத்தில் கோள்களாகவே ஏறின. பதினொன்று வந்த வழி இதுதான். ‘இவற்றைத் தனியாக வையுங்கள், சிறுகோள் என்று சொல்லுங்கள்’ என்று வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், முதல் இரண்டு வந்தபோதே, 1802லேயே சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1845க்குப் பிறகு ஆள்மாற்றி ஆள் இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். நாலு பேரை எதிர்பார்த்துப் போட்ட பந்திக்கு நாற்பது பேர் வந்தால் என்ன செய்வோம்? தனிப் பந்தி போடுவோம். சத்தமில்லாமல் அதைத்தான் செய்தார்கள். ஓட்டெடுப்பு இல்லை, கண்ணீர்க் கடிதம் இல்லை. புளூட்டோவுக்கு இருப்பதுபோல் சீரிஸ் பெயரில் கார்ட்டூன் நாய் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கே: இந்தப் பந்தியில் நம்மூர்ச் சாப்பாடு ஏதாவது உண்டா? (சென்னை–34)

ப: உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சமைத்தது! நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்குப் பெயரே ‘ஆசியா’. வரிசை எண் 67. பிறகு 1988இல் வாணியம்பாடிக்குப் பக்கத்துக் காவலூரிலிருந்து கண்டுபிடித்த ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர். அதன் எண் 4130. இப்போது தெரிந்த சிறுகோள்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. எல்லோருக்கும் கோள் பட்டம் கொடுத்திருந்தால் பேரன் என்ன பாடு படுவான், யோசியுங்கள்.

வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறிப்போடு, புயல் செய்தி சொல்கிற அதே வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. டிவிக்காரர்கள் மைக்கோடு ஓடும்போது அதைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள்.

கே: புளூட்டோவைக் கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானியாமே? (தேனி)

ப: அப்போது அவர் காலேஜ் படியே மிதிக்காத 24 வயது விவசாயி மகன். க்ளைட் டாம்பா, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம். பழைய ப்யூக் காரின் பாகத்தையும் பாலிலிருந்து ஏடு பிரிக்கும் மெஷினின் பாகத்தையும் சேர்த்து வீட்டிலேயே தொலைநோக்கி செய்தவர். அதன் வழியாகப் பார்த்த செவ்வாயையும் வியாழனையும் வரைந்து, அரிசோனாவில் உள்ள லோவல் வானாய்வகத்துக்கு அனுப்பினார். ‘வேலைக்கு வா’ என்று பதில் வந்தது.

வேலை என்ன தெரியுமா? வானத்தின் ஒரே துண்டைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்க வேண்டும். இரண்டு தகடுகளையும் ஒரு கருவியில் மாட்டி, ஒரு துளையில் கண்ணை வைத்தால், டக்… டக்… என்று படம் மாறி மாறித் தெரியும். நட்சத்திரம் அசையாது. கோளாக இருந்தால் தவளை மாதிரி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தத்தும். ஒவ்வொரு தகட்டிலும் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் லட்சக்கணக்கில் புள்ளிகள். மாதக்கணக்கில் இதே வேலை. அரிசியில் கல் பொறுக்கிய பாட்டிகளுக்குத்தான் இந்தப் பொறுமையின் அருமை தெரியும். 1930 பிப்ரவரி 18, மாலை நான்கு மணி சுமார். ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த தகடுகளில், மிதுன ராசிப் பக்கம் ஒரு மங்கல் புள்ளி தத்தியது.

எழுந்து போய் டைரக்டரிடம் சொன்னார். அன்றிரவே மறுபடி படம் பிடிக்கலாம் என்றால் வானத்தில் மேகம். என்ன செய்வார்? சினிமாவுக்குப் போய்விட்டார்.

கே: பெயர் வைத்தது யார்? (நாகர்கோவில்)

ப: இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 11 வயது வெனிஷியா பர்னி, காலைச் சாப்பாட்டு மேஜையில். புளூட்டோ என்றால் ரோமானியர்களின் எமதர்மன். இருட்டான இடத்துக்குப் பொருத்தம். ஆங்கிலத்தில் அதன் முதல் இரண்டு எழுத்தும் (P, L) வானாய்வகத்தை நிறுவிய பெர்சிவல் லோவலின் பெயருக்குப் பொருந்தியதில் அங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. பேத்திக்குத் தாத்தா 5 பவுண்டு கொடுத்தார்.

கே: அது இவ்வளவு பொடியன் என்று முதலிலேயே தெரியாதா? (ஈரோடு)

ப: முதலில் பூமி அளவு எடை இருக்கும் என்றார்கள். பிறகு பத்தில் ஒரு பங்கு என்றார்கள். அப்புறம் நூறில் ஒரு பங்கு. 1978இல் அதன் துணைக்கோள் ஷேரன் அகப்பட்டதும் எடை ஒரேயடியாகச் சரிந்தது. தங்கம் விலை இப்படி இறங்கினால் உங்கள் ஊரில் தேர் இழுப்பார்கள். 1980இல் இரண்டு விஞ்ஞானிகள் இந்தச் சரிவை வரைபடமாகப் போட்டு, ‘இப்படியே போனால் 1984இல் புளூட்டோ காணாமல் போய்விடும்’ என்று கேலியாக ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். நல்லவேளை, பூமியில் 450இல் ஒரு பங்கோடு நின்றது. நம் நிலாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

கே: சரி, அது என்ன தப்பு செய்தது? (மதுரை)

ப: தப்பே செய்யவில்லை. சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். 1992இல் ஹவாய் மலையுச்சியிலிருந்து வானியலாளர்கள் ஜூவிட்டும் லூவும் நெப்டியூனுக்கு அப்பால் ஒரு பனிக்கட்டி உருண்டையைப் பார்த்தார்கள். பிறகு வரிசையாக வந்தன. 2005இல் வானியலாளர் மைக் பிரவுனின் குழு அறிவித்தது எரிஸ். குறுக்களவில் புளூட்டோ 2,377 கிலோமீட்டர், எரிஸ் 2,326. ஆனால் எடையில் எரிஸ் சுமார் 27 சதவீதம் கூடுதல். தம்பிக்குக் கோள் பட்டம் உண்டென்றால் அதைவிடக் கனத்த அண்ணனுக்கு எப்படி மறுப்பது? ஒன்று பத்தாவது கோள், இல்லையென்றால் ஒன்பதாவதுக்கும் கல்தா.

எரிஸ் என்பது கிரேக்கர்களின் கலகத் தெய்வம். நம் நாரதர் கலகமாவது நன்மையில் முடியும். வேடிக்கை என்னவென்றால், பத்தாவது கோளைக் கண்டுபிடித்தவர் என்ற பெருமை பிரவுனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரே ‘எட்டுதான் நியாயம்’ என்றார். பிறகு ‘புளூட்டோவை நான் எப்படிக் கொன்றேன்’ என்கிற பாணியில் தலைப்பு வைத்துப் புத்தகமும் எழுதினார். தன் பதவியைத் தானே வேண்டாம் என்ற ஆளை நம் பக்கம் லேசில் பார்க்க முடியாது.

கே: எதைக் கோள் என்று சொல்வது? சட்டத்தைத் தமிழில் சொல்லுங்கள். (விழுப்புரம்)

ப: 2006இல் போட்ட சட்டத்தில் மூன்று நிபந்தனை. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டையாக இருக்க வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். புளூட்டோ முதல் இரண்டில் பாஸ், மூன்றில் ஃபெயில்.

மூன்றாவதில்தான் சண்டையே. ‘பூமியின் பாதையில்கூடச் சிறுகோள்கள் வந்து போகின்றன, வியாழனோடு ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகின்றன, அப்படியானால் பூமியும் வியாழனும் ஃபெயிலா?’ என்று கேட்கிறார் புளூட்டோவுக்கு விண்கலம் அனுப்பிய ஆலன் ஸ்டெர்ன். நல்ல கேள்வி. ஆனால் துப்புரவு என்பது தெருவில் ஒரு குப்பைகூட இல்லாமல் இருப்பதல்ல. தெருவில் யார் பேச்சு எடுபடுகிறது என்பது. பூமியின் எடை, அதன் பாதையில் திரியும் மற்ற எல்லாவற்றின் எடையையும்விடப் பதினேழு லட்சம் மடங்கு. புளூட்டோவோ, தன் பகுதியிலுள்ள மற்றவற்றின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். புளூட்டோவின் பாதை நெப்டியூன் பாதைக்கு உள்ளே நுழைந்து வெளியேறுகிறது. 1979 முதல் 1999 வரை புளூட்டோதான் சூரியனுக்கு அருகில், நெப்டியூன் கடைசி. மோதிக்கொள்ளாதா? மோதாது. நெப்டியூன் மூன்று சுற்றுச் சுற்றினால் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று. இந்தத் தாளம் தப்பாததால் இருவரும் ஒருநாளும் நெருங்குவதில்லை. தாளத்தைப் போடுவது யார்? புளூட்டோவைப் போல 8,000 மடங்கு எடையுள்ள நெப்டியூன். தாளத்துக்கு ஆடுகிறவர் எப்படி நட்டுவனார் ஆவார்? இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு எட்டுக்கு.

கே: ஓட்டு என்றதும் கேட்கிறேன்: கையைத் தூக்கி முடிவு செய்வதா அறிவியல்? (திண்டுக்கல்)

ப: அந்த 2006 ஆகஸ்டில், பிராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றிய மாநாடு. வந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஓட்டெடுப்பு கடைசி நாள். பாதிப்பேர் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் போயாயிற்று. அரங்கில் மஞ்சள் அட்டையைத் தூக்கியவர்கள் 424 பேர். மேடையில் ஜோஸலின் பெல் பர்னல் அம்மையார் ஒரு குடையை விரித்து, ‘கோள் என்ற ஒரே குடையின் கீழ் எல்லோரையும் வைத்துக்கொள்ளலாமா’ என்று புளூட்டோ பொம்மை நாயோடு விளக்கிக் காட்டினார். சில நாள் முன்னால் வைத்த வரைவில் சீரிஸ், ஷேரன், எரிஸ் சேர்த்துக் கோள்கள் பன்னிரண்டு! ஒரே வாரத்தில் பன்னிரண்டு எட்டானது. நம்மூர்க் கூட்டணிப் பேச்சுவார்த்தைகூட இவ்வளவு வேகமாக மாறாது.

ஆனால் அவர்கள் ஓட்டுப் போட்டது ஒரு சொல்லுக்கு. புளூட்டோவின் சுற்றளவு அன்று ஓர் அங்குலம் குறையவில்லை. சொல்லை மனிதர்கள்தான் உண்டாக்கினார்கள். அவர்களே கூடிப் பேசித்தான் திருத்த முடியும்.

கே: அமெரிக்காவில் இதற்குச் சட்டசபையில் தீர்மானமே போட்டார்களாமே? (புதுச்சேரி)

ப: டாம்பா பல வருஷம் பாடம் நடத்திய நியூ மெக்ஸிகோவில், 2007இல் போட்டார்கள்: எங்கள் மாநில வானத்தின் மேல் வரும்போது புளூட்டோ கோள்தான். அதாவது மாநில எல்லை தாண்டினால் பதவி போச்சு. 2024இல் அரிசோனா அதை அதிகாரபூர்வ ‘மாநிலக் கோள்’ ஆக்கியது. தமிழ்நாட்டுக்கு மாநில மரம் பனை. வரியும் கேட்காது, ஓட்டும் கேட்காது. அந்த வகையில் புளூட்டோவும் நல்ல பிரஜை.

கே: புளூட்டோவை நீக்கியதால் என் ஜாதகப் பலன் மாறுமா? (காரைக்குடி)

ப: நம் ஜாதகக் கட்டத்தில் அது எப்போது இருந்தது, நீக்குவதற்கு? உங்கள் சனிக்கு ஆபத்தில்லை.

கே: நம் நிலா புளூட்டோவைவிடப் பெரிது. அது ஏன் கோள் இல்லை? (தஞ்சாவூர்)

ப: சூரியனை நேராகச் சுற்றாமல் பூமியைச் சுற்றுவதால். வியாழனின் கானிமீடும் சனியின் டைட்டனும் புதன் கோளையே விடப் பெரியவை. அவற்றுக்கும் இதே கதி. ‘உருண்டையாக இருந்தால் போதும், எல்லாம் கோள்தான்’ என்கிற கட்சி ஒன்று உண்டு. அவர்கள் கணக்கில் நிலாவும் கோள். அதைப் புதுமை என்று நினைக்காதீர்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று நம் காலண்டர் இன்னமும் நிலாவும் கோளாக இருந்த பழைய பட்டியலைத்தான் வாரம் தவறாமல் ஒப்பிக்கிறது.

கே: நீங்கள் எட்டுக் கட்சி. உங்கள் கட்சியில் குறையே கிடையாதா? (கோவை)

ப: இரண்டு பெரிய குறை. ஒன்று, சட்டத்தில் ‘சூரியனை’ என்று எழுதிவிட்டார்கள். மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் இதுவரை ஐயாயிரத்துக்கும் மேல் தெரிந்துவிட்டன. சட்டத்தின் எழுத்துப்படி அவை ஒன்றுகூடக் கோள் இல்லை! திருத்த வேண்டும் என்று 2024இல்கூட ஒரு முன்மொழிவு வந்தது. இரண்டாவது, புளூட்டோவுக்குக் ‘குறுங்கோள்’ என்று பெயர் கொடுத்துவிட்டு, குறுங்கோள் என்பது கோள் அல்ல என்றும் சொல்லிவிட்டார்கள். சின்ன வெங்காயம் வெங்காயமே இல்லை என்பதுபோல. எந்தச் சாம்பாரும் இதை ஒப்புக்கொள்ளாது. தீர்ப்பு சரி, தீர்ப்பை எழுதிய குமாஸ்தா சரியில்லை.

கே: ஒன்பதாவது கோள் இனி கிடைக்கவே கிடைக்காதா? (சேலம்)

ப: தேடிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்கோடிப் பனி உருண்டைகள் சில ஒரே பக்கமாகச் சாய்ந்து போவதைப் பார்த்து, பூமியைப் போலப் பல மடங்கு எடையுள்ள ஒன்று மறைந்திருந்து இழுக்கிறது என்று 2016இல் இருவர் கணக்குப் போட்டார்கள். ஒருவர் கான்ஸ்டன்டின் பட்டிகின். இன்னொருவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மைக் பிரவுன். கலைத்தவரே கட்டித் தரட்டும். இதுவரை கண்ணில் படவில்லை.

கே: டாம்பாவுக்குத் தன் கோள் போனது தெரியுமா? (தூத்துக்குடி)

ப: 1997லேயே காலமாகிவிட்டார். அவருடைய அஸ்தியில் ஒரு சிறு பகுதியை நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். 2006 ஜனவரியில் கிளம்பும்போது அது போனது ஒரு கோளுக்கு. ஏழு மாதத்தில் சட்டம் மாறியது. 2015 ஜூலை 14 அன்று 12,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது அது குறுங்கோள். நைட்ரஜன் பனி மூடிய இதய வடிவப் பரப்பும் மலைகளும் படத்தில் தெரிந்தன. அந்த இதயத்துக்கு டாம்பாவின் பெயர். தன் வாழ்நாளில் வெறும் புள்ளியாகவே பார்த்ததை நேரில் போய்ப் பார்த்துவிட்டார் மனிதர்.

கே: 76 வருஷம் கோளாக இருந்துவிட்டுப் பதவி போனால் புளூட்டோவுக்கு மனசு வலிக்காதா? (திருநெல்வேலி)

ப: 76 வருஷம் நம் கணக்கு. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு 248 வருஷம். கண்டுபிடித்த நாளிலிருந்து அது முதல் சுற்றை முடிப்பதே 2178இல்தான். அதன் கணக்கில் அது கோளாக இருந்தது நாலு மாதம்கூட இல்லை.