தீத்தடுப்பில் யாருக்கு என்ன பொறுப்பு

பணியிடத் தீத்தடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு. அதை அடுத்தவர் செய்துவிடுவார் என்று நம்புவது எல்லோருக்கும் பொதுவான கடமை.

முதற்பொறுப்பு நிர்வாகத்துக்கு. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 38ஆம் பிரிவில், தீப்பிடிக்காமலும் பரவாமலும் தடுக்கவும், தப்பும் வழி அமைக்கவும் சொன்னது. நிர்வாகமும் 'அவசர வழி' என்று பச்சைப் பலகை மாட்டுகிறது. அதன் கீழே உடைந்த நாற்காலிகளை அடுக்குகிறது. திருட்டுப் பயத்தில் பூட்டும் போடுகிறது. சாவி காவலாளியிடம், காவலாளி டீக்கடையில்.

அடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி. 1,000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைக்கு அவரை விதித்தது அதே சட்டம். உலர் பொடித் தீயணைப்பானின் அழுத்தமுள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, அட்டையில் கையெழுத்திடுவது அவர் வேலை. பார்க்காமலே கையெழுத்திடும் கலை நாளடைவில் கைகூடும்.

தொழிலாளியின் கடமை ஒத்திகையில் கலந்துகொள்வது. நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் அவர் சாப்பாட்டுப் பையோடு நிதானமாக வெளியேறுகிறார். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார்பன் டை ஆக்சைடோ உலர் பொடியோ வேண்டும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்வதில்லை.

கடைசிப் பொறுப்பு மின்கசிவுக்கு. விசாரணை அறிக்கையில் பழியை மறுபேச்சின்றி ஏற்கும் ஒரே ஊழியர் அதுதான்.

1911இல் நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தனர். 9ஆவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. குற்றவியல் வழக்கில் உரிமையாளர் இருவரும் விடுதலையாயினர்.