சால்னாச் சட்டியின் இரு உண்மைகள்: ஒரு முன்னாய்வு

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். தாத்தா தொடங்கி, மகன் பெருக்கி, பேரன் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பரோட்டாக் கடை இரண்டு ஊரிலும் உண்டு. பெயர் வேண்டாம், படிக்கிற ஆளுக்கொரு கடை இந்நேரம் மனத்தில் வந்திருக்கும். அந்தக் கடையைப் பற்றி இரண்டு பேரிடம் கேட்டால் மூன்று கருத்து வருகிறது. "அந்தச் சால்னாவுக்குச் சொத்தையே எழுதி வைக்கலாம்" என்கிறார் ஒருவர். அதே இரவு அடுத்த மேசையில் சாப்பிட்டவர், "வெந்நீர்ல மிளகாப்பொடி" என்கிறார். இருவரில் ஒருவர் புளுகுகிறார் என்பதே இதுவரை அறிஞர் துணிபு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. இருவரும் மெய்யே பேசுகிறார்கள். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் பல கடைகள் நடக்கின்றன.

முதற்சான்று சட்டியிலேயே இருக்கிறது. எண்ணெய் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, மேலே மிதக்கும். தேங்காய், கசகசா விழுது அடியில் படியும். மிளகாயின் காரமும் மசாலாவின் வாசமும் பெரும்பாலும் எண்ணெயில்தான் கரையும். ஆகவே மேலே மணம், கீழே கனம், நடுவே ஏமாற்றம். வாடிக்கையாளரை இதன்படி மேல்கரண்டியார், அடிக்கரண்டியார், நடுக்கரண்டியார் என மூவகைப்படுத்தலாம். 'வெந்நீர்' கோட்பாட்டினர் அனைவரும் மூன்றாம் வகுப்பினர். சட்டியை அடியோடு கலக்கி ஊற்றும் சப்ளையர் ஒரு பொதுவுடைமைவாதி. அவர் விடுப்பில் போகும் நாளில் கடைக்குள் மீண்டும் வர்க்கபேதம் தலைதூக்குகிறது.

ஆனால் கரண்டி தானாக இறங்குவதில்லை. அதை இறக்குவது கல்லாவிலிருந்து வரும் ஒரு கேள்வி: "தம்பி யார் வீட்டுப் பிள்ளை?" சரியான விடை சொன்னவருக்கு, "டேய், அண்ணனுக்கு மேலாக எடுத்து ஊத்து" என்ற ஆணை பிறக்கிறது. விடை சொல்லத் தெரியாதவருக்குத் தண்ணீர் டம்ளர் வரவே கால்மணி ஆகும். 2005-இல் தபால்தலையில் ஏறிய இராஜபாளையம் நாயைப் போன்றது இக்கடைகளின் பாசம்: வீட்டு ஆளென்றால் உயிர், புது ஆளென்றால் முறைப்பு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். கொடைக்குப் பேர்போன அவரது இராஜபாளையத்திலும், காற்றாடிக்குக் கீழே உள்ள மேசையைப் புது ஆளுக்குக் கொடுத்ததாகக் கல்வெட்டு ஏதும் கிடைக்கவில்லை.

காலமும் கணக்கில் வரவேண்டும். ராஜபாளையம் மில் 1936-இல் நிறுவப்பட்ட பின் வளர்ந்த ஆலை ஊர் இராஜபாளையம். ஷிஃப்ட் விட்டு வரும் பசிக்கு முன் எந்தச் சால்னாவும் அமிர்தம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் மதுரைப் பக்கத்து வண்டியெல்லாம் இவ்வழியே இறங்கும். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் பார்க்கக் கூட்டம் திரளும். அந்த நாட்களில் சட்டிக்குள் தண்ணீர் சேர்வது பாவமா, பேரிடர் மேலாண்மையா என்பதில் என் நிலைப்பாடு பின்னது. அந்த அவசரத்தில், பிசைந்த மாவு ஊறாமல் வீசினால் பரோட்டா தோலாகும் என்பதும் தெரிந்ததே. கார்த்திகையில் ஐயப்பசாமிகள் வேறு. அவர்களைத் தனிக் கட்டுரைக்கு ஒத்திவைக்கிறேன்.

'ஸ்ரீவில்லிபுத்தூரார் நாக்கு பால்கோவாவில் ஊறியது. அதனால்தான் இராஜபாளையத்துக் காரம் அவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை' என்றொரு வாதமும் உலவுகிறது. 2019-இல் அந்தப் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றபின் இவ்வாதத்துக்கு அரசு முத்திரையே விழுந்ததுபோல் சிலர் பேசுகிறார்கள். எனக்கு ஒப்புதலில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரார் பால்கோவா வாங்குவது பெரும்பாலும் தின்பதற்கல்ல, சென்னைக்குக் கொடுத்தனுப்புவதற்கு.

எஞ்சியிருப்பது நினைவு. 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் ஒரு சோதனை நடத்தினார்கள். 14 டிகிரிக் குளிர்நீரில் 60 விநாடி கையை வைப்பது ஒரு முறை. இன்னொரு முறை அதே 60 விநாடி முடிந்ததும், குளிரை லேசாகக் குறைத்து மேலும் 30 விநாடி. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். முடிவு இதமாக இருந்ததே காரணம். உளவியலார் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் கடைக்காரரோ கல்லா ஓரத்தில் சோம்புத் தட்டு வைத்தார். "தாத்தா காலத்துல இருந்து வர்றீங்க, சில்லறை இருக்கட்டும்ணே" என்று இரண்டு ரூபாயை விட்டுக்கொடுத்தால், நடுக்கரண்டியாரும் வீடு போய்ச் சேர்வதற்குள் மேல்கரண்டியாராகிவிடுகிறார்.

களப்பணியில் ஒரு முறையியல் சிக்கல் மட்டும் தீரவில்லை. ஆய்வாளர் அடிக்கடி போகப்போக முகம் பழகிவிடுகிறது. "சாருக்கு மேலாக ஊத்து" என்று கல்லாவிலிருந்து குரல் வருகிறது. அத்துடன் தரவு கெடுகிறது. எனவே, இவ்விரு ஊரிலும் பெண் எடுக்காத, பெண் கொடுக்காத, கல்லாக்காரரின் தாத்தாவைத் தெரியாத ஆய்வாளர் ஒருவர் உடனடியாகத் தேவைப்படுகிறார். விருதுநகர் மாவட்டத்தில் தேடியாயிற்று, அப்படி எவரும் அகப்படவில்லை.