கட்டட வேடிக்கை இயல்

பாயிரம் இல்லாமல் நூல் செய்வது மரபன்று. ஆகவே முதலில் எல்லை. இந்நூலுக்கு வடக்கே சென்னை சென்ட்ரல் நிலையம், தெற்கே சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம், மேற்கே உஸ்மான் சாலை, கிழக்கே கடல். இடைப்பட்ட நிலத்தில் எழுவனவும், விழுவனவும், எழுவதாகச் சொல்லி எழாமல் கிடப்பனவும் ஆராயப்படும். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கோபுரங்கள் இதில் அடங்கா. சதுப்பில் கட்டடம் எழுந்தால் அது வெறும் கட்டுமானம். ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்று எழும்போதுதான் வேடிக்கை பிறக்கிறது. கேட்போர் யார் எனின், அண்ணா சாலையை இன்னும் மவுண்ட் ரோடு என்றே சொல்பவர்கள். பயன் யாது எனின், ஒன்றுமில்லை.

இனி நூல்.

தகரம் அடைத்த இடமெலாம் குழியே;
குழியெலாம் கட்டடம் ஆதல் இலவே.

உரை: சாலையோரம் திடீரென நீலத் தகரம் எழும்பினால் உள்ளே பள்ளம் தோண்டுகிறார்கள் என்று கொள்க. அப்பள்ளம் கட்டடமாகும் என்று மட்டும் கொள்ளற்க. 1964இல் அண்ணா சாலையில் ஒரே வளாகத்தில் மூன்று திரையரங்குகளாக, சஃபையர், எமரால்டு, புளூ டயமண்ட் என்று எழுந்த இடத்தைப் பாருங்கள். அரங்குகளை இடித்தது விரைவில் முடிந்துவிட்டது. மனை மட்டும் பல்லாண்டு வெறுமனே கிடந்தது. இதற்கு உறங்குகுழி என்று பெயர் இடுவோம். அண்ணா சாலையிலேயே உள்ள பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் வேறு வகை. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள், மரபுக் கட்டட ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள், வேலை நின்றது. இடிந்ததும் இல்லை, பிழைத்ததும் இல்லை. இது அரையிடி. ஒரு தலைமுறை வேடிக்கையாளர்கள் அதைப் பார்த்தே முதியவர்களாகிவிட்டார்கள்.

இவ்விரண்டிலும் அடங்காத அரிய வகை ஒன்று உண்டு. எழுதுபவனுக்கு அதன்மேல் தனிப் பிரியம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டினார்கள். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பு. 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைக்க நாள் குறித்தாயிற்று. மேலே வரவேண்டிய கோபுரக் குவிமாடம் மட்டும் முடியவில்லை. அழைத்தார்கள் கலை இயக்குநர் தோட்டாதரணியை. சினிமாவுக்கு அரண்மனை போடுகிற கையால் அவர் தற்காலிகக் குவிமாடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். விழா நடந்தது. சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் எத்தனை பேர் செட்டைப் பார்த்துவிட்டுக் கட்டடத்தைப் பாராட்டினார்கள் என்று ஆராய யாரும் நிதி ஒதுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, செயலகம் கோட்டைக்கே திரும்பியது, 2014இல் அந்தக் கட்டடம் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. கோப்பு நடக்கவேண்டிய வழியில் ஸ்டிரெச்சர் போகிறது. வேடிக்கையாளர் உலகில் இதைவிட முழுமையான காட்சி இல்லை: ஒரே கட்டடம், அடித்தளத்திலிருந்து இரண்டு முறை வேறொன்றாக.

ஸ்டுடியோ மாலாவது (வடபழனி விஜயா வாகினி), பத்திரிகை வளாகம் மாலாவது (எக்ஸ்பிரஸ் எஸ்டேட், 2010), சிற்றுண்டி விடுதி பூங்காவாவது (உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், இன்று செம்மொழிப் பூங்கா) எல்லாம் இயல்பான வளர்ச்சியில் அடங்கும். முதலாவது நம் எல்லைக்கு அப்பாலும் உள்ளது; அதிகம் சொல்வதற்கில்லை. 1985இல் எரிந்த மூர் மார்க்கெட் மட்டும் விலக்கு. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. சந்தையின் சிறு மாதிரி ஒன்றும் நிறுவப்பட்டது. இறந்தவருக்குப் படம் மாட்டுவதை இந்த நகரம் சில சமயம் கட்டடத்துக்கும் செய்கிறது.

அடுத்து, பார்ப்போர். இவர்களை உயரம், வயது, தொழில் என்று பிரிப்போர் உண்டு. அது தவறு. கேட்கும் கேள்வியால்தான் பிரிக்க வேண்டும்.

முதல் வகையார் கேட்பது, "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு, தெரியுமா?" பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை, தாமே சொல்வதற்காகக் கேட்பது. இவர்களை முன்னிருந்தார் எனலாம். இவர்களிடம் வழி கேட்பது ஆபத்து. "சாந்தி தியேட்டர் தாண்டி லெஃப்ட்" என்பார்கள். 1961இல் திறந்த சாந்தி 2016இல் மூடிவிட்டது. "ஜெமினியில இறங்கு" என்பார்கள். ஜெமினி ஸ்டுடியோ போய், அந்த இடத்தில் குடியிருப்பும் ஹோட்டலும் வந்து, 1973இல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயரும் வைத்து, எல்லாம் ஆகிவிட்டது. இருந்தாலும் பஸ் நடத்துநர் இன்றைக்கும் ஜெமினி என்றே கத்துகிறார். ஆக இவ்வகையாருக்கு அரசுப் போக்குவரத்தின் ஆதரவும் இருக்கிறது. அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் தபால்தலை வாங்கப் போகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, "இதுதான் சார் எலக்ட்ரிக் தியேட்டர், ஊமைப்படம் ஓட்டின இடம்" என்று சொல்பவரும் இவரே. சொல்வது உண்மை என்பதுதான் இவரிடம் உள்ள சங்கடம்.

இரண்டாம் வகையார், மாடி எண்ணுவோர். இவர்களுக்கு மூதாதை ஒருவன் உண்டு. 1959இல் எல்.ஐ.சி. கட்டடம் 177 அடிக்கு எழுந்தபோது, ஊரிலிருந்து வந்து இறங்கி, துண்டைத் தோளில் போட்டபடி கழுத்தை ஒடித்துக்கொண்டு எண்ணிய மனிதன்தான் அவன். பதினான்கா பதினைந்தா என்ற சண்டை அன்றே தொடங்கியது. தரைத்தளத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதே அதன் வேர். இன்று ஸ்டில்ட் பார்க்கிங் வந்து குழப்பத்தைக் கூட்டிவிட்டது. கீழே கார் நிற்கிற தளம் மாடியா இல்லையா? இதில் இரு கட்சி உண்டு. இரு கட்சியும் மாலையில் ஒரே டீக்கடையில் நிற்கும்.

மூன்றாம் வகையார் கட்டடத்தைப் பார்ப்பதே இல்லை. "சதுர அடி என்ன ரேட் போகுது?" என்பது இவர் கேள்வி. இவர்களைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் தியாகராய நகர் முழுவதும் இப்போது இவர்களே நிறைந்திருக்கிறார்கள். 1980களில் எழுந்த மூன்று மாடி, லிஃப்ட் இல்லாத பிளாட். எட்டு வீடு, எட்டு உரிமையாளர். 2019இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்து, அதே மனையில் முன்பைவிட அதிகப் பரப்பு கட்ட வழி பிறந்தது. பில்டர் வருகிறார், பழையதை இடித்து ஆளுக்கு ஒரு புது வீடு தருகிறேன், மிச்சத்தை நான் விற்றுக்கொள்கிறேன், கட்டும் காலம் வரை வாடகையும் தருகிறேன் என்கிறார். ஏழு பேர் சம்மதம். எட்டாமவர் நியூஜெர்சியில் இருக்கிறார். அவருடைய அம்மா அந்த வீட்டில்தான் இறந்தார். ஒவ்வொரு டிசம்பர் கச்சேரி சீசனுக்கும் வந்து யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுகிறார். முன்பெல்லாம் அந்த ஒருவர் போதும், கட்டடம் ஆயுள் கைதி. 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் போதும் என்றது. அதன்பிறகு எட்டுக்கு ஆறு என்ன, பன்னிரண்டுக்கு எட்டு என்ன என்ற கணக்கு மாம்பலம் காய்கறிக் கடைகளில் தக்காளி விலையோடு சேர்ந்து பேசப்படுகிறது.

இவ்வகையார் அடுத்த தெருவில் எழும் புதுக்கட்டடத்தின்முன் நிற்பதைக் கவனித்தால் தெரியும். கண் அங்கே, கணக்கு வேறெங்கோ. நான் கேட்ட ஓர் உரையாடல்:

"என்ன சார், உங்க பில்டிங் எப்போ?"

"பாத்ரூம்ல ஒழுகுது. ஒழுகட்டும்னு விட்டுட்டோம்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை விளக்க உரையாசிரியர் ஒருவர் வேண்டும். இடிக்கப்போகிற வீட்டுக்கு யார் செலவழிப்பார்கள் என்பது ஒரு பொருள். ஒழுகினால்தான் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் கொள்க.

நான்காம் வகையார் தூய வேடிக்கையாளர். கேள்வியே கேட்க மாட்டார்கள். இயந்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே நிற்பார்கள். 2017 மே இறுதியில் உஸ்மான் சாலையில் தீக்கிரையான பெரிய துணிக்கடைக் கட்டடத்தை இடித்தபோது ஊருக்கே 'ஜா கட்டர்' என்ற சொல் அறிமுகமானது இவர்களால்தான். மாடியிலும் நடைபாதையிலும் நின்று, அந்த நீண்ட இரும்புக் கை கான்கிரீட்டைக் கவ்வுவதை நாள்கணக்காகப் பார்த்தார்கள். பிறகு அதே இடத்தில் அதே கடை மீண்டும் எழுந்தது. அதைப் பார்க்க அத்தனை கூட்டம் இல்லை. கட்டுவதைவிட இடிப்பதற்குத்தான் ஆள் சேரும் என்பது இவ்வியலின் தலையாய விதி.

இவ்வகையாரின் உச்சம் இரவு கான்கிரீட். பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு என்பதால் ரெடிமிக்ஸ் லாரிகள் பத்து மணிக்கு மேல் வரிசைகட்டும். முதல் லாரி வந்ததும் ஓர் இளைஞர், சிவில் டிப்ளமோ முடித்து ஓராண்டு ஆகியிருக்கும், கூம்புத் தகரம் ஒன்றைத் தட்டில் வைப்பார். கான்கிரீட்டை அடுக்கடுக்காகப் போட்டு, அடுக்குக்கு இருபத்தைந்து குத்து இரும்புக் கம்பியால். பிறகு கூம்பை நேராக மேலே தூக்குவார். உள்ளிருந்தது குழலிலிருந்து விழுந்த புட்டுபோல நின்று, மெல்ல உட்காரும். எவ்வளவு உட்கார்ந்தது என்று அளவுகோல் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்வார். நீர் கூடுதலா என்று இதில் தெரிந்துவிடும். அடுத்து 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் கொஞ்சம் எடுத்துவைப்பார். ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் அவற்றை நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். தகரத்துக்கு இப்பால் நிற்கும் தூய வேடிக்கையாளருக்கு இவை எதுவும் தெரியாது. "என்னமோ பண்றாங்க" என்பார். மிகுந்த மரியாதையோடு சொல்லப்படும் வாக்கியம் அது.

கண்ணுக்குத் தெரியாத கட்டுமானத்தை வேடிக்கை பார்க்க முடியுமா என்ற ஐயத்துக்கு விடை: மெட்ரோ. 2009இல் தொடங்கிய முதல் கட்டத்தில் அண்ணா சாலைக்காரர்கள் பல ஆண்டுகள் தகரத்தை மட்டுமே பார்த்தார்கள். இயந்திரம் கீழே எங்கோ ஊர்ந்தது. 2017 ஏப்ரலில் ஒரு நாள் சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்தில் இறங்கின. உயிர்ச்சேதம் இல்லை என்பதால் சொல்லலாம்: வேடிக்கையாளர்களுக்குச் சுரங்கத்தின் முதல் நேரடி ஆதாரம் அன்றுதான் கிடைத்தது. இரண்டாம் கட்டத்தில், 118.9 கிலோமீட்டரில், துளையிடும் இயந்திரங்களுக்கு மலைப் பெயரும் பறவைப் பெயரும் வைத்தார்கள். ஃபிளமிங்கோ என்ற ஒன்று கலங்கரை விளக்கத்தருகே மண்ணுக்குள் புகுந்தது. பறவைப் பெயர் வைத்துப் பூமிக்குள் அனுப்பும் நிருவாகத்தின் கற்பனைக்கு இந்நூல் தலைவணங்குகிறது.

இனி எதிர்ப்பு.

பார்ப்போர் உளவழிப் பொம்மையும் உளதே.

உரை: கட்டுமானத்தின் நெற்றியில் பிதுங்கிய கண்ணும் தொங்கும் நாக்குமாக ஒரு திருஷ்டி பொம்மை, அல்லது முகம் வரைந்த பூசணிக்காய் தொங்கும். அது யாரைக் குறித்து? நம்மை. நூற்றுக்கணக்கான கோடி போட்டு, வங்கிக் கடன் வாங்கி, சி.எம்.டி.ஏ. அனுமதி வாங்கி, ஆழ்துளைத் தூண் இறக்கிக் கட்டுகிறவர், தெருவில் கைகட்டி நிற்கும் ஓய்வுபெற்ற ஒருவரின் பெருமூச்சுக்கு அஞ்சிப் பொம்மை மாட்டுகிறார். வேடிக்கையாளரை இந்நகரில் பொருட்படுத்தும் ஒரே ஆவணம் அதுதான்.

உள்ளே வேலை செய்வோர் எந்த வகை எனின், எந்த வகையும் அல்லர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். கம்பி வளைப்பவர், சென்டரிங் அடிப்பவர். அவர்களுக்கு இங்கே முன்பு என்ன இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. சதுர அடி ரேட்டை அவர்கள் கேட்கப்போவதும் இல்லை. வாயிலில் உள்ள செக்யூரிட்டியிடம் முன்னிருந்தார் ஒருவர் தமிழில் விசாரிப்பதும், அவர் இந்தியில் தெரியாது என்பதும், இவர் அதைக் கேட்டுவிட்டு முழு வரலாற்றையும் அவருக்குச் சொல்வதும் தினந்தோறும் காணலாம்.

புறனடையாக ஒன்று. நின்று பார்க்க நேரமில்லாதோர், பஸ் ஜன்னலோர வேடிக்கையாளர். இவர்களுக்கென்றே 2024 தொடக்கத்தில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலப் பணி தொடங்கிற்று. கீழே மெட்ரோ சுரங்கம் ஓடுவதால் ஆழத் தூண் இறக்க வழியில்லை; எனவே எடை குறைந்த இரும்புப் பாலம், ஆழம் குறைந்த அடித்தளம். மாடி எண்ணுவோர் இதை இரும்பு என்று கண்டதும் தற்காலிகப் பாலம் என்று முடிவுகட்டிவிட்டார்கள், அவர்களை விடுக. ஜன்னலோரத்தாருக்கோ தூண் தூணாக, போல்ட் போல்ட்டாகப் பார்க்க அவகாசம் கிடைத்தது. வேலை நடக்கும் சாலையில் வண்டி நகர்ந்த வேகத்தில், ஆய்வுக்கு வேண்டிய நேரத்தை நெடுஞ்சாலைத் துறையே ஒதுக்கித் தந்திருந்தது.