எட்டுன்னு எழுது, ஒன்பதையும் சுத்து

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. புளூட்டோவைக் கோள் வரிசையிலருந்து தள்ளுனது அநியாயம்னு டீக்கடையில நீ போட்ட சத்தம் நம்ம தெரு வரைக்கும் கேட்டுச்சாமே? அப்பத்தா சொன்னா. வீட்டுல தண்ணிக்குழாய் ஒழுகுதுன்னு நான் கத்துறப்ப வராத கோவம், அம்புட்டுத் தூரத்துல கெடக்குற பனிக்கட்டிக்கு வருது. நல்ல பிள்ளைடா.

நான் என்ன பெரிய படிப்பா படிச்சேன்? இந்த விஸ்வநத்தத்துல பட்டாசு ஆபீஸ் மருந்து வாசத்துலயே வயசைக் கழிச்சவன். ஆனா நூலகத்துக்கு வர்ற பேப்பரை மட்டும் விடமாட்டேன். அதுல படிச்சதைத்தான் சொல்றேன், கேளு.

2006 ஆகஸ்டுல பிராக் நகரத்துல சர்வதேச வானியல் ஒன்றியம் கூடுச்சு. மொதல்ல வந்த தீர்மானப்படி கோள் 12. புளூட்டோ இருக்கும், அதோட சீரீஸ், சாரன், இப்ப ஏரிஸ்னு சொல்றது, இந்த மூணும் சேரும். ஒரு வாரம் சண்டை. கடைசி நாள் 24-ம் தேதி, வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பெட்டியைக் கட்டிக் கெளம்புன பெறகு, மிச்சம் இருந்தவங்க மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டுனாங்க. ஓட்டுப் போட்டது 424 பேர். கோள் எட்டாயிருச்சு. பன்னெண்டு எட்டாக ஒரே வாரம்! நம்ம கூட்டணிக் கட்சிக்காரங்ககூட இம்புட்டு வேகமாத் தொகுதியை விட்டுக்குடுத்ததில்ல.

சட்டம் மூணு. சூரியனைச் சுத்தணும். உருண்டையா இருக்கணும். போற பாதையில வேற எதுவும் கெடக்காம ஒதுக்கித் தள்ளியிருக்கணும். மூணாவதுலதான் உன் புளூட்டோ மாட்டுச்சு. அது போற வட்டாரம் பூரா அதைப்போல பனிக்கட்டிக் கூட்டம். சரி, வியாழன் பாதையிலயும் ஆயிரக்கணக்குல பாறைக கூடவே ஓடுதேன்னு கேட்டா, அதெல்லாம் வியாழனுக்குக் கட்டுப்பட்டு நிக்குதுங்குறாங்க. பெரிய வீட்டு வாசல்ல கூட்டம் கூடுனா செல்வாக்கு, நம்ம வாசல்ல கூடுனா ஆக்கிரமிப்பு.

இதுக்குப் போயி அழுவுறியே, நம்ம ஊருக்கு இது புதுசா? 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. பேரியம் சேர்க்கக்கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் விக்கணும். காத்து கெடுதுன்னு அவங்க சொன்னது பொய்யில்ல. ஆனா முந்தின நாள் வரைக்கும் பட்டாசா இருந்த சரவெடி, மறுநாள் குத்தமாயிருச்சு. தனித்தனியா இருந்தா வெடி, கோத்துக் கட்டுனா கேஸு. மாசக்கணக்குல ஆபீஸுக பூட்டிக் கெடந்துச்சு, கூலி நின்னுச்சு. புளூட்டோவுக்கு யாரும் கூலியை நிறுத்தலையே. அதுபாட்டுக்குச் சுத்துது.

மொதல் பலியும் அது இல்ல. 1801 ஜனவரி 1-ம் தேதி இத்தாலிக்காரர் பியாசி சீரீஸைக் கண்டார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதுவும் கோளாத்தான் இருந்துச்சு. அதே வட்டாரத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணு அகப்படவும் மொத்தத்தையும் குறுங்கோள்னு எறக்கிட்டாங்க. அதுல ஒண்ணை 1861-ல மெட்ராஸ் வானாய்வுக் கூடத்துலருந்து போக்சன் துரை பிடிச்சு, ஆசியான்னு பேரு வச்சார். ஜவ்வாது மலை காவலூர்ல 1988-ல அகப்பட்டதுக்கு நம்ம ராமானுஜன் பேரு. அதுகளுக்காக நீ என்னைக்காவது டீக்கடையில கத்துனியா?

காவலூர்னதும் இன்னொண்ணு. 1977 மார்ச் 10 ராத்திரி பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அங்க தொலைநோக்கியோட காத்திருந்தாங்க. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்துபோற நேரம். எதிர்பாராத எடத்துல நட்சத்திர வெளிச்சம் சில விநாடி மங்குச்சு. ஏதோ குறுக்க வந்துருக்கு. யுரேனஸுக்குப் புதுசா ஒரு நிலான்னு நேச்சர் பத்திரிகைக்கு எழுதுனாங்க. அதே ராத்திரி விமானத்துல தொலைநோக்கியை ஏத்திக்கிட்டுப் பறந்த அமெரிக்கக்காரங்க, யுரேனஸுக்கு முன்னயும் பின்னயும் சரிக்குச் சரியான தூரத்துல வெளிச்சம் மங்குறதைப் பாத்தாங்க. அது நிலா இல்லப்பா, வளையம். காவலூர்க்காரங்க பாத்தது நெசம், மங்குனதும் நெசம். என்னன்னு சொன்னதுதான் மாறிப்போச்சு. அதுல அவங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்ல.

கண்ணுல படாததைக் கணக்குல பிடிக்கிற வித்தை நமக்கும் தெரியும். கோயில்ல ஒன்பது பேரு நிக்கிறாங்களே, எண்ணிப் பாரு. சூரியன் நட்சத்திரம், சந்திரன் துணைக்கோள். ராகுவும் கேதுவும் சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக்கிற ரெண்டு புள்ளி. பிராக் சட்டப்படி தேறுறது அஞ்சு. அதுக்காக எண்ணெய் விளக்கை யாரும் குறைக்கல.

கணக்குல பிடிக்கிற வித்தை தெரிஞ்சவர்தான் பிரான்சுல லெவெரியேன்னு ஒருத்தர். யுரேனஸ் தடம் மாறுறதை வச்சுக் கணக்குப் போட்டு, இன்ன எடத்துல ஒரு கோள் இருக்கும்னார். 1846-ல பெர்லின்ல அதே பக்கம் பாத்தாங்க, நெப்டியூன் நின்னுச்சு. அந்தத் தெம்புல புதன் ஆடுறதுக்கும் ஒரு கோள்தான் காரணம்னு சொல்லி வல்கன்னு பேரும் வச்சாச்சு. பல வருசம் தேடியும் கிடைக்கல. 1915-ல ஐன்ஸ்டைன் வந்து, ஈர்ப்புக் கணக்கையே மாத்தணும், கோளெல்லாம் ஒண்ணும் இல்லைன்னுட்டார். லெவெரியே ஒரே ஆளு, ஒரே மாதிரி கணக்கு; ஒண்ணு பலிச்சுது, இன்னொண்ணு பலிக்கல.

இப்ப 2016 ஜனவரியில பாட்டிகின், பிரவுன்னு ரெண்டு பேர், நெப்டியூனுக்கு அங்குட்டுப் பெரிய கோள் ஒண்ணு ஒளிஞ்சிருக்குங்குறாங்க. தூரத்துப் பனிக்கட்டிக சிலது ஒரே பக்கமாச் சாஞ்சு சுத்துறதுதான் சாட்சி. பூமியை விடப் பல மடங்கு கனமாம், ஒரு சுத்துக்குப் பத்தாயிரம் வருசம் போல ஆகுமாம். நாம தேடுன பக்கத்துல அகப்பட்டதை மட்டும் வச்சுச் சாஞ்சிருக்குன்னு சொல்லலாமான்னு வேற சிலர் மடக்குறாங்க. அந்த பிரவுன் யாருன்னு தெரியுமாடா? 2005-ல ஏரிஸைக் கண்டு சொன்ன குழுவுல இருந்தவர். அதுனாலதான் புளூட்டோவுக்கு வேட்டு விழுந்துச்சு. ஒன்பதாவதை எறக்கிவிட்ட ஆளே, ஒன்பதாவது இருக்குன்னு தேடிக்கிட்டு அலையுறார். ஏவாரம் தெரிஞ்ச ஆளு! சிலியில வேரா ரூபின் தொலைநோக்கி வந்துருக்கு, 2025 ஜூன்ல மொதல் படமும் வெளியாச்சு. இருந்தா அகப்படட்டும்.

அதுவரைக்கும் தாத்தா சொல்றபடி நட. பரீட்சையில எட்டுன்னு எழுது, மார்க்கு வரும். கோயில்ல ஒன்பதையும் சுத்து, அப்பத்தா பணியாரம் சுட்டுத் தருவா. பிரவுன் சொல்ற ஆளை யாராவது கண்ணால பாத்துட்டுச் சொன்னா எண்ணிக்கையை மாத்திக்கோ, அதுக்கு முன்னாடி பந்தயம் கட்டாத. புளூட்டோவைப் பத்திக் கவலைப்படாத. 1930-ல டாம்பா அதைக் கண்டுபிடிச்சார். அதுக்கு ஒரு சுத்து 248 வருசம். அன்னைக்கு நின்ன எடத்துக்கு அது திரும்பி வர 2178 ஆகும். வேலைக்குச் சேத்து, சீட்டைக் கிழிச்சு அனுப்புனது அம்புட்டும் அதோட கணக்குல ஒரு வருசம்கூட ஆகலடா.